பலகைக்கு முட்டுக்கொடுத்த குழவி

போன மாதம் நீங்கள் நான்கு பேர் ஏற்காட்டுக்கு வந்து, ஒரு பகல் முழுக்க என் வீட்டில் இருந்தீர்கள். பீரோவைத் திறந்து என் பழைய கார்ட்டூன்களை எல்லாம் தரையில் பரப்பிப் பார்த்தீர்கள். கிளம்பும்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "மேட்டூட்டாரை இத்தனை வருஷம் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கீங்களே சார், அவர் உங்களை ஒண்ணுமே பண்ணலையா?" நான் சிரித்துவிட்டு, டீ ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றினேன்.

ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் உண்மையான பதில். என் கை நன்றாக இருக்கிறது. வீட்டின் மேல் ஒரு கல் விழவில்லை. ஓய்வு பெற்ற அன்று பத்திரிகை ஆபீசில் சால்வை போட்டு, கேக் வெட்டி அனுப்பினார்கள். ஏன் என்னை ஒன்றும் பண்ணவில்லை என்பதை உங்களுக்கு நேரில் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. எழுத வருகிறதா பார்க்கிறேன். இதில் வரும் மேரியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரையும் ஊர்ப் பெயரையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.

உங்களில் இரண்டு பேர் சென்னைக்காரர்கள் என்பதால் மேட்டூட்டாரைப் பற்றிக் கொஞ்சம். அவர் எம்.எல்.ஏ. இல்லை. எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. மேட்டில் இருக்கும் வீட்டுக்காரர் என்பதால் அந்தப் பெயர், அவ்வளவுதான். ஆனால் இந்த மலையில் முதியோர் பென்ஷன் யாருக்கு வரும், தொகுப்பு வீடு யாருக்குக் கிடைக்கும், எந்த ஜீப் எந்த ஊருக்கு ஓடும், எந்த எஸ்டேட்டில் ஆட்கள் வேலைக்கு இறங்குவார்கள், எதில் இறங்கமாட்டார்கள் என்பதெல்லாம் அவர் வீட்டு வாசலில் முடிவாகும். எங்கோ இருக்கும் எஸ்டேட் முதலாளிகளுக்கு ஆட்களை அடக்கிவைக்க அவர் வேண்டும். கட்சிகளுக்கு ஓட்டுக்கு அவர் வேண்டும். ஆட்சி மாறினால் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் தலைவர் படம் மாறும். அவர் மாறமாட்டார். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரையும் கண்ணு என்பார், சாமி என்பார்.

நான் ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில், மூன்றாம் பக்கத்தில் வாரம் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தேன். ஏற்காடு பஜாரில் கம்பளியும் குடையும் விற்கும் குடும்பம் எங்களுடையது. அண்ணன் கடையைப் பார்த்துக்கொண்டார். நான் மாடியில் உட்கார்ந்து வரைவேன். ஊரில் பாதிப் பேருக்கு நான் கார்ட்டூனிஸ்ட் என்பதே தெரியாது, கம்பளிக்கடை பாய் என்றால்தான் தெரியும்.

ஆரம்பத்தில் மேட்டூட்டாரை உருவத்தை வைத்துத்தான் வரைந்தேன். தொப்பை, மூக்கு, சட்டைப் பையில் வழியும் பேனாக்கள். ஒருமுறை பலாப்பழத்துக்கு வேட்டி கட்டி, கை கால் முளைக்கவைத்து, அதன்மேல் ஈக்களாக அதிகாரிகளை மொய்க்கவிட்டேன். ஊர் சிரித்தது. இரண்டாம் நாள் அவருடைய டிரைவர் கடைக்கு வந்தான். "அண்ணனுக்கு நொம்பப் புடிச்சுப்போச்சுங்க பாய். ஒரிஜினல் இருந்தாக் குடுங்க, பிரேம் போட்டு மாட்டோணுங்கறாரு" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

சேலத்தில் எங்கள் செய்தி ஆசிரியரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்: "கேட்டு வாங்கிட்டுப் போறான்னா, நீ அவனுக்கு என்னய்யா வரைஞ்சு குடுத்திருக்கே?"

எனக்கு இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. அவர் சொன்னது உண்மை. தொப்பை அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தொப்பையைப் பார்த்து ஊர் சிரிக்கச் சிரிக்க, அவர் பெரிய ஆள் என்பதுதான் உறுதியாகிறது. அதன்பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்பதை விட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் மேரி அந்தக் கதையைச் சொன்னார்.

மேரி நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், முதலாளிகள் எப்போதாவது வந்து தங்கும் பங்களாவில் சமையல் பார்த்தவர். புருஷன் சவரி சில்வர் ஓக் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து இடுப்பு போனவர், வீட்டில்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மேரி சந்தைக்கு வருவார். பையைக் கடையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். நல்ல வாய். யார் மாதிரி வேண்டுமானாலும் பேசிக் காட்டுவார்.

நாகலூருக்குக் கீழே, கீழ்ப்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்ன ஊர். அதற்குத் தார் ரோடு போட்டாகிவிட்டது என்று காகிதத்தில் இருந்தது. ஊரில் ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. பார்வையிடுவதற்கு மேலே இருந்து பெரிய அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்ததும், மேட்டூட்டார் அவர்களைக் கீழ்ப்பட்டிக்கே அழைத்துப் போகவில்லை. எஸ்டேட் தன் சொந்தச் செலவில் போட்டிருந்த ரோட்டின் முனையில், 'கீழ்ப்பட்டி தார்ச்சாலை' என்று எழுதிய பலகையைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்.

"பாறைங்க பாய் அந்த எடம். குழி தோண்டவே முடியல. பலகை ஒரு பக்கமாச் சாயுது, இவுங்க ஆளுக்கு ஒரு பக்கம் புடிக்கறாங்க. காரு சத்தம் வேற கேக்குது" என்று மேரி எழுந்து நின்றே நடித்துக் காட்டினார். "மேட்டூட்டு அண்ணன் என்ர சமையக்கட்டுக்கு ஓடி வந்தாருங்க. 'கண்ணு, அந்த அம்மிக்குழவியைக் குடு'ன்னாரு. குடுத்தேன். அதை வெச்சு முட்டுக்குடுத்து நிறுத்திப்போட்டாங்க. ஆபீசருங்க வந்தாங்க, பலகையைப் பாத்தாங்க, போட்டோப் புடிச்சாங்க, பங்களாவுக்கு வந்து கோழிக்கறி சாப்புட்டாங்க, போயிட்டாங்க. அப்பறம் அண்ணனே குழவியைக் கொண்டாந்து குடுத்தாருங்க. 'சட்னி நல்லா இருந்துச்சு கண்ணு'ன்னு சொல்லிக் குடுத்தாரு."

நானும் என் அண்ணனும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மேரியும் சிரித்தார். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க படம் போடுவீங்கன்னு தெரியுமுங்க. போடுங்க. என்ர பேரு மட்டும் வேண்டாங்க."

"உன் பேர் எதுக்கும்மா வரப்போகுது? வராது" என்றேன்.

இதை ஏன் என்னிடம் வந்து சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. சிரிப்பதற்காகச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தவன் மதியத்துக்குள் முடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக ஒரு படம் வந்ததில்லை. மேட்டூட்டார் வியர்க்க விறுவிறுக்கப் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ரோட்டு வேலை ஓவர்சீயர் குனிந்து அதன் அடியில் அம்மிக்குழவியைச் செருகுகிறார். பின்னால் கீழ்ப்பட்டிக்காரர்கள் புதரை விலக்கிக்கொண்டு தங்கள் ரோட்டைத் தேடுகிறார்கள். போட்டோ எடுத்து சேலத்துக்கு அனுப்பினேன்.

செய்தி ஆசிரியர் உடனே கூப்பிட்டார். "பிரமாதம்யா. பலகைக்கு அடியில உருளையா இருக்கே, அது என்ன?"

"அம்மிக்குழவி சார். நிஜமாவே அதை வெச்சுத்தான் நிறுத்தினாங்க."

அவர் கேட்டார்: "குழவி விஷயம் எத்தனை பேருக்குத் தெரியும்?"

எனக்கு அந்தக் கேள்வி நன்றாகப் புரிந்தது. உங்களிடம் புரியவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். குழவியை அழித்துவிட்டு ஒரு கருங்கல்லை வரைய எனக்கு இரண்டு நிமிடம் போதும். பக்கம் அச்சுக்குப் போக இன்னும் மணிக்கணக்கில் நேரம் இருந்தது. கல் வைத்தாலும் படம் படம்தான், ரோட்டுத் திருட்டு அப்படியே தெரியும். ஆனால் கல்லுக்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். குழவிக்குத்தான் சிரிப்பார்கள்.

"ஊருக்கே தெரியும் சார்" என்றேன்.

"சொன்ன ஆளுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது சார்."

செவ்வாய்க்கிழமை படம் வந்தது. டீக்கடைகளில் கத்தரித்து ஒட்டினார்கள். வாட்ஸ்அப்பில் சேலம் முழுக்கச் சுற்றியது. கிளியூரில் யாரோ ஒருவர் தன் கடைப் பலகைக்கு அடியில் நிஜமாகவே ஒரு குழவியை வைத்து வேடிக்கை காட்டினாராம். நான் அந்த மூன்று நாளும் காரணமில்லாமல் பஜாரில் நடந்தேன். பாராட்டு வாங்குவதற்காக நடந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமை மஞ்சக்குட்டை ஜீப் ஓட்டும் ஒருவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "ஏனுங்க பாய், சமையக்கார மேரியை வேலையை உட்டு நிறுத்திப்போட்டாங்களாமா. லைன் ஊட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாமா. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அதே ஜீப்பில் ஏறிப் போனேன்.

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவைத்திருந்தார்கள். சவரி கட்டிலோடு வெளியே உட்கார்ந்திருந்தார். மேரி என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"எஸ்டேட் கணக்குப் பாக்கற ரைட்டர் வந்து சொன்னாருங்க. பங்களாவுல இனி வேலை இல்லையாமா. வேற எஸ்டேட்டுல கேட்டேன். இடமிருக்குது, ஆனா எடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்குதுங்கறாங்க. நூறு நாள் வேலைக்குப் போனா லிஸ்ட்டுல பேரு இல்லைங்கறாங்க."

"மேரி, நான் உன் பேரை எங்கயும்…"

"இல்லீங்களே. நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சீங்க. பேரு வரலீங்களே." குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் சொன்னார். அதற்குப் பதில் அவர் ஒரு அறை விட்டிருக்கலாம்.

அங்கிருந்து நேராக மேட்டூட்டார் வீட்டுக்குப் போனேன். வாசலில் மனுவோடு இருபது பேராவது காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவரே எழுந்து வந்து, தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

"ஏனுங்க பாய், ஊடு தேடி வந்திருக்கறீங்க. உக்காருங்க. காப்பி சாப்புடுங்க. படம் பாத்தனுங்க. நானே சிரிச்சுப்போட்டேன்."

"மேரி எங்கிட்ட எதுவும் சொல்லலீங்க. நானாக் கேள்விப்பட்டு வரைஞ்சது."

"குழவியைக் கேள்விப்பட்டீங்களாக்கும்?" என்று மெதுவாகச் சிரித்தார். "அங்க இருந்தது நாலு பேருங்க. நானு, என்ர டிரைவரு, ஓவர்சீயரு, அந்தப் புள்ளை. நான் உங்ககிட்டச் சொல்லல. டிரைவருக்கு நான்தான் சோறு போடறேன். ஓவர்சீயரு சொன்னா அவரே மாட்டிக்குவாரு. மிச்சம் யாருங்க பாய்? நீங்க கல்லு வரைஞ்சிருந்தீங்கன்னா நான் இன்னைக்கும் யோசிச்சுட்டுத்தான் இருப்பேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வீட்டில் நான் முதலில் தோற்றது அப்போதுதான். அடுத்தது உடனே வந்தது.

"நான் உங்களை மெரட்டறனுங்களா? இல்லீங்க. நீங்க வரையோணும். வாராவாரம் வரையோணும். நீங்க என்னைப் போடலீன்னா எனக்கே ஊருல மதிப்பில்லை. தொப்பையைப் போடுங்க, மூக்கைப் போடுங்க, பலாப்பழமாப் போடுங்க. உள்ள நடக்கறதைப் போடாதீங்க. அவ்வளவுதானுங்க. அந்தப் புள்ளை நாளைக்கே பங்களாவுக்குப் போகட்டும். பாவமுங்க, புருஷனுக்கு வேற முடியல."

என் வேலையின் சூட்சுமத்தை என்னைவிட அவர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். எது வலிக்கும், எது வலிக்காது என்று ஒரு கார்ட்டூனிஸ்ட்டுக்கு யாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள்.

"சரிங்க" என்றேன்.

"கண்ணு, பாய்க்கு இன்னொரு காப்பி" என்று உள்ளே குரல் கொடுத்தார். அந்தக் காப்பியையும் குடித்தேன்.

மேரி மறுநாள் வேலைக்குப் போனார். சாக்கில் கட்டிய பாத்திரங்கள் திரும்ப லைன் வீட்டுக்குள் போயின. நான் வாராவாரம் தொப்பை வரைந்தேன். நீங்கள் தரையில் பரப்பிப் பார்த்து, 'என்ன தைரியம் சார்' என்றீர்களே, அந்தப் படங்களில் பெரும்பகுதி அந்தக் காலத்துப் படங்கள்தான். மேட்டூட்டார் யானையாக, மேட்டூட்டார் மழைமேகமாக, மேட்டூட்டார் தராசுத் தட்டில். எதிலும் ஒரு ரோடு இல்லை, ஒரு லிஸ்ட் இல்லை, ஒரு ஆள் பெயர் இல்லை.

செய்தி ஆசிரியர் சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்யா மறுபடியும் தொப்பைக்கே போயிட்டே?" நடந்ததைச் சொன்னேன். அந்தம்மாவுக்காகத்தான் சார் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தம்மாகிட்டக் கேட்டியா?" என்றார்.

"எதை சார்?"

"என்ன செய்யலாம்னு."

"அதுல கேக்க என்ன சார் இருக்கு? வேலை வேணாம்னா சொல்லப்போறாங்க?"

போனை வைத்துவிட்டார். அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றுப் போனார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசிக்கொள்ளவேயில்லை.

மேரியின் கூடப்பிறந்த அக்கா கீழ்ப்பட்டியில் வாக்கப்பட்டிருந்தார் என்பது எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? அந்த அக்கா செத்த பிறகுதான். ஐப்பசி மழையில் ஒரு காலையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மூங்கிலில் தொட்டில் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு ஏறினார்கள். பாதை வழுக்கியது. இரண்டு முறை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு தூக்கினார்கள். மூன்றாவது முறை இறக்கிவைத்தபோது உயிர் இல்லை.

அடுத்த வாரம் மேரி என் வீட்டுக்கு வந்தார். கடைக்கு வரவில்லை, மாடி ஏறி வந்தார். நான் வரைந்துகொண்டிருந்த தொப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தப் பலகைப் படத்தை மறுக்காப் போடுங்க பாய். இந்தத் தடவை என்ர அக்காளையும் போடுங்க, தொட்டில்ல தூக்கிட்டு வர்ற மாதிரி. கீழ என்ர பேரை எழுதிக்குங்க. மேரி சொன்னான்னு எழுதுங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "உன் வேலை போயிடும்மா. வீடு போயிடும். சவரியை வெச்சுக்கிட்டு எங்க போவே? நான் இத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இருந்ததே உனக்காகத்தானே?"

"எனக்காகவா?" என்றார். அவர் முகத்தில் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "நான் கேட்டனுங்களா பாய்? அண்ணன்கிட்டப் போயி நீங்க என்ன பேசினீங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? அன்னைக்கு நான் கடையில வந்து கூத்துக் கட்டிட்டுப் போனது நீங்க சிரிக்கறதுக்காகவா? அக்கா ஊருக்கு ரோடு வரோணும்னு சொன்னனுங்க. நீங்க குழவியைத்தான் பாத்தீங்க. ரோட்டைப் பாக்கலீங்க."

அவர் இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே பென்சிலில் வரைந்தேன். தொட்டில், மூங்கில், நான்கு பேரின் கால்கள், மழை. நன்றாக வந்தது. மையும் போட்டேன். ஆனால் அனுப்பவில்லை. புதிதாக வந்திருந்த செய்தி ஆசிரியர் இதையெல்லாம் போடமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் போடுவாரா மாட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரிடம் நான் கேட்கவேயில்லை. அந்தப் படம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. உங்களுக்குக் காட்டிய கட்டுகளில் அது இல்லை, தனியாக வைத்திருக்கிறேன்.

நீங்கள் காத்திருக்கக்கூடாது என்பதற்காக முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழ்ப்பட்டிக்கு ரோடு வந்தது, பாதி. கடைசி இரண்டு வளைவு இன்னும் மண்பாதைதான். திறந்துவைத்தவர் மேட்டூட்டார். நான் தள்ளி நின்று பார்த்தேன். கட்சி மாறியிருந்தார், துண்டு வேறு நிறம். கீழ்ப்பட்டி மக்களுக்காகத் தான் பல வருடம் போராடியதாகப் பேசினார், கைதட்டினார்கள். அவர் இன்னும் நன்றாக இருக்கிறார். என் படங்களால் அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அந்தப் பாதி ரோடு என் படத்தால் வந்ததல்ல. மேரி மனு மேல் மனுவாகக் கொடுத்ததால் வந்தது. முதல் மனு கொடுக்கப் போன நாளை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

மாடியிலிருந்து இறங்கிப் போன பத்து நாளில் மேரி போன் செய்தார். குரலில் பழைய கோபம் இல்லை. "திங்கக்கெழமை சேலத்துக்கு, கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கப் போறனுங்க. படம் போட வேண்டாங்க. கூட வந்து, இந்தம்மா அன்னைக்கே எங்கிட்ட சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

வருகிறேன் என்றேன். நிஜமாகவே போவதாகத்தான் இருந்தேன். பலகைப் படம் வந்த பேப்பரை எடுத்து ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் பஸ்ஸில் போனோம். மலையிறங்கும் வழியில் மேரி சொன்னார்: "வேலையை நானே உட்டுப்போட்டு வந்துட்டனுங்க. அவுங்க நிறுத்தறதுக்கு முந்தி நானே சொல்லிப்போட்டேன்." சவரியைத் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். மனுவைப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு வளைவுக்கு வளைவு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டம். சைக்கிளில் வந்தவர்கள், குழந்தையோடு வந்தவர்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள். மேரி வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் வேப்பமரத்து நிழலில் ஒரு வெள்ளை ஜீப் நின்றிருந்தது. அதில் சாய்ந்துகொண்டு மேட்டூட்டாரின் டிரைவர் போன் பேசிக்கொண்டிருந்தான். எங்களுக்காக வந்தானா, வேறு வேலையாக வந்தானா, தெரியாது. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையைத் தூக்கி வணக்கம் வைத்தான். மரியாதையான வணக்கம்.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

அப்போது நான் என்ன நினைத்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அண்ணனுக்குக் கடை இருந்தது. பஜாரில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை. இதெல்லாம் நினைத்தேன் என்று சொன்னால் யோசித்து முடிவெடுத்த மாதிரி ஆகிவிடும். எதுவும் நினைக்கவில்லை. நாக்கு உலர்ந்தது, அவ்வளவுதான்.

"மேரி, நீ முன்னால போய் வரிசையில நில்லும்மா. நான் ஒரு டீ சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்று துணிப்பையை அவர் கையில் கொடுத்தேன்.

மேரி என்னைப் பார்த்தார். திரும்பி ஜீப்பையும் பார்த்தார். பையை வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரிசை நகர்வது அங்கிருந்து தெரிந்தது. மேரியின் பச்சைச் சேலை வாசல் வரை போவது தெரிந்தது. உள்ளே போனது தெரிந்தது. எழுந்து போய்ச் சேர்ந்துகொள்ள அந்த இரண்டரை மணி நேரமும் இடம் இருந்தது. யாரும் என்னைப் பிடித்துவைத்திருக்கவில்லை. டிரைவர்கூட எப்போதோ கிளம்பிப் போய்விட்டான்.

மேரி வெளியே வந்து ரோட்டைக் கடந்து கடைக்கு வந்தார். கையில் மனு வாங்கிக்கொண்டதற்கான சீட்டு. சேலை கசங்கியிருந்தது. எனக்கு எதிரில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"பேரு கேட்டாங்க. ஊரு கேட்டாங்க. உங்களுக்கு எப்புடித் தெரியும்னு கேட்டாங்க. குழவி என்னுதுன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

துணிப்பையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பேப்பர் பிரிக்கப்படாமல் மடித்தபடியே இருந்தது.

பிறகு அவர் கேட்டார், குற்றம் சொல்லும் குரலில் அல்ல, தெரிந்துகொள்வதற்காக: "பயந்துட்டீங்களா பாய்?"

"ஆமாம்மா" என்றேன்.

"நானும்தானுங்க" என்றார். சீட்டை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கு முன்னால் நடந்தார்.